திருடன் தொட்ட இடத்தை ஒளிர வைக்கும் கரிப்பொடி!
முட்டையிலும் மாவிலும் துப்பு துலக்கும் விஞ்ஞான வித்தை

"கைரேகை நிபுணர்கள் வந்து ரேகைகளைப் பதிவு செய்தனர். மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்று விட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை."

திருட்டுச் செய்தி என்றால் கடைசியில் இந்த வரிகள் இருக்கும். பஸ்சில் போகும்போது படித்துப் படித்து வாசகர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்.

நாய் ஓடியது தெரிகிறது. நின்று விட்டதும் தெரிகிறது. ஆனால் ரேகையைப் பதிவு செய்தார்களே, அது என்ன ஆயிற்று? மறுநாள் அதைப்பற்றிப் பேச்சே இருக்காது.

திருட்டு நடந்த வீட்டில் வழக்கமாக நடப்பது இதுதான். குடும்பத்தோடு கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். பூட்டு உடைந்து கிடக்கிறது. பீரோ திறந்து கிடக்கிறது. துணிமணிகள் தரையில். நகை இல்லை.

போலீசார் விரைந்து வருகிறார்கள். பின்னாலேயே ஒரு பெட்டியுடன் கைரேகை நிபுணர் வருகிறார். பெட்டிக்குள் கறுப்புப் பொடி ஒரு டப்பா, வெள்ளைப் பொடி ஒரு டப்பா, மிருதுவான பிரஷ், ஒட்டும் டேப், பூதக்கண்ணாடி, டார்ச் லைட்.

பிரஷ்சைப் பொடியில் தொட்டு பீரோ கதவில் லேசாக வருடுகிறார். வீட்டு அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்.

"ஏனுங்க சார், ரேகை ஏதாச்சும் கிடைச்சுதுங்களா?"

"எடுத்திருக்கோம்மா. பார்க்கலாம்."

அந்தப் "பார்க்கலாம்" என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது.

பூப்போட்ட பீரோ

விரல் ரேகை என்பது என்ன? விரல் நுனியில் வரப்பும் வாய்க்காலும் போல மேடு பள்ளங்கள் இருக்கின்றன. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடைவெளி சுமார் அரை மில்லி மீட்டர். மேட்டின் மேல் வியர்வைத் துவாரங்கள். ஒரு பொருளைத் தொட்டால் அந்த வியர்வை அதே கோலத்தில் பொருளின்மேல் ஒட்டிக் கொள்கிறது.

வியர்வையில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். மிச்சம் உப்பு, அமினோ அமிலம் போன்ற சில சாமான்கள். விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. ஆனாலும் ரேகையில் எண்ணெய்ப் பசை இருக்கும். தலையைக் கோதுகிறோம், முகத்தைத் துடைக்கிறோம் அல்லவா, அங்கிருந்து வந்த எண்ணெய் அது.

இந்தப் பசையில்தான் நிபுணரின் பொடி ஒட்டுகிறது. ஒட்டினால் ரேகை தெரிகிறது.

எவர்சில்வர் குடம், கண்ணாடி டம்ளர், பெயின்ட் அடித்த கதவு என்றால் கவலை இல்லை. வழுவழுப்பான இடத்தில் ரேகை பளிச்சென்று விழும்.

ஆனால் பூப்போட்ட பீரோ? நாலு கலரில் அச்சடித்த பிஸ்கட் உறை? ஜவுளிக்கடைப் பை? கறுப்புப் பொடி போட்டால் கறுப்பில் மறைகிறது. வெள்ளைப் பொடி போட்டால் வெள்ளையில் மறைகிறது. ரேகை இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை!

போதாததற்கு நம்ம ஊர் வெயில் வேறு. சித்திரை மாதத்துச் சேலத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் ரேகையில் ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? காய்ந்து போன ரேகையில் பொடி சரியாக ஒட்டாது. நிபுணர் வந்து சேர்வதற்குள் அது பாதி போய்விடும்.

நோட்டு பார்க்கும் லைட்

இந்தச் சங்கடத்துக்கு விஞ்ஞானிகள் ஒரு வழி சொல்கிறார்கள். ரேகையைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ காட்டாமல், அதையே விளக்கு மாதிரி ஒளிர விட்டால் என்ன?

கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா லைட் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் நோட்டை அதன் கீழே காட்டினால், சாதாரணமாகக் கண்ணில் படாத நூல்கள் பளபளக்கும். நம்பர் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக் கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கிற சரக்கு அதில் இருக்கிறது.

அதேபோன்ற சரக்கை ரேகைமேல் தூவி, இருட்டில் ஊதா லைட் அடித்தால் பூப்போட்ட பீரோவின் பூ தெரியாது. ரேகை மட்டும் மினுமினுக்கும்.

ஒளிரும் பொடி என்பதே புதிதல்ல. சாயம் கலந்த ஒளிரும் பொடிகள் வெளிநாட்டுப் போலீசாரிடம் வெகுகாலமாக இருக்கின்றன. இப்போது வந்திருப்பது வேறு. சாயம் இல்லை, உலோகம் இல்லை. வெறும் கரி!

கரியில் வெளிச்சமா?

அடுப்புக்கரி ஒளிராது. பென்சில் கரியும் ஒளிராது. ஆனால் கரியை மிகமிகச் சிறிதாக்கி, பத்து நானோ மீட்டருக்கும் கீழே கொண்டு போனால் அதன் குணமே மாறி விடுகிறது.

நானோ மீட்டர் என்பது ஒரு மில்லி மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் குறுக்களவில் இந்தத் துகள்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கலாம்.

இதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். 2004-ம் ஆண்டு அமெரிக்காவில் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் சில விஞ்ஞானிகள் கரிக் குழாய்கள் என்ற வேறு ஒரு பொருளைச் சுத்தம் செய்து கொண்டிருந்தனர். அதிலிருந்து பிரிந்த கழிவுக் கரியில் ஒரு பகுதி ஊதா வெளிச்சத்தில் ஒளிர்ந்தது. குப்பை என்று ஒதுக்கியதில் மாணிக்கம் கிடைத்த கதைதான்!

2006-ம் ஆண்டு அதே மாநிலத்தில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யா-பிங் சுன் குழுவினர் அதற்குக் "கார்பன் டாட்" என்று பெயர் வைத்தனர். நம்ம வழக்கத்தில் கரிப்புள்ளி என்று சொல்லலாம். மறு ஆண்டே வேறு விஞ்ஞானிகள் மெழுகுவர்த்திப் புகைக்கரியிலிருந்தும் ஒளிரும் துகள் எடுத்துக் காட்டினர்.

அவ்வளவுதான். உலகம் பூராவும் ஆராய்ச்சிக்கூடங்களில் சமையல் ஆரம்பித்து விட்டது.

ஆரஞ்சுச் சாறும் முட்டையும்

சமையல் என்று சொல்வது விளையாட்டுக்கு அல்ல. நிஜமாகவே சமையல்தான்.

2012-ம் ஆண்டு ஒரிசாவில் ரூர்கேலா தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் ஆரஞ்சுச் சாற்றை எடுத்தார்கள். மூடிய பாத்திரத்தில் ஊற்றினார்கள். 120 டிகிரி சூட்டில் இரண்டரை மணி நேரம் வைத்தார்கள். சாற்றிலுள்ள சர்க்கரையும் அமிலமும் வெந்து கருகி, ஒளிரும் கரிப்புள்ளிகளாக மாறின.

அதே 2012-ல் சீனாவில் நாஞ்சிங் நகர விஞ்ஞானிகள் எடுத்தது கோழி முட்டை! வெள்ளைக்கரு, மஞ்சள் கரு இரண்டிலிருந்தும் மின் கதிர் பாய்ச்சி சில நிமிடங்களில் கரிப்புள்ளி எடுத்தனர். அதை மையாக்கி அச்சடித்தும் காட்டினர்.

முட்டை என்றால் நாமக்கல்லுக்குச் சொல்ல வேண்டுமா! உடைந்த முட்டை, ஓட்டின் உள்தோல் என்று பண்ணையிலும் லாரியிலும் வீணாகிறதே, அந்த உள்தோலிலிருந்தும் கரிப்புள்ளி எடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்தச் சமையல் நடக்கிறது. நாமக்கல்லில் பஸ் ஏறி கரூரைத் தாண்டினால் திண்டுக்கல். அதற்கு அடுத்தாற்போல் காந்திகிராமம். அங்குள்ள கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வி.அருள், பேராசிரியர் எம்.ஜி.சேதுராமன் ஆகியோர் நெல்லிக்காயிலிருந்து கரிப்புள்ளி தயாரித்து 2019-ம் ஆண்டு ஆய்வு வெளியிட்டனர்.

அது ரேகைக்காகச் செய்தது அல்ல. சாயத் தண்ணீரின் நிறத்தைப் போக்குவதற்கு. பள்ளிபாளையம், குமாரபாளையம்காரர்கள் கவனிக்க வேண்டிய சமாசாரம். ஆனால் சரக்கு ஒன்றுதான். அதே கரிப்புள்ளி ரேகைக்கும் ஆகும், சாயத் தண்ணீருக்கும் ஆகும்.

பழச்சாறு கூட வேண்டாம். பலகாரக் கடையில் இருக்கும் எலுமிச்சை உப்பும், உரக்கடை யூரியாவும் போதும் என்கிறது இன்னொரு முறை.

"அப்படியானால் வீட்டு குக்கரிலேயே செய்து பார்த்து விடலாமே" என்று யாரும் கிளம்பி விட வேண்டாம். வீட்டு குக்கர் 120 டிகிரியோடு விசில் அடித்து விடும். ஆராய்ச்சிக்கூடத்தில் பெரும்பாலும் 180, 200 டிகிரி வரை போகிறார்கள். 200 டிகிரியில் மூடிய பாத்திரத்துக்குள் நீராவி அழுத்தம் வெளிக்காற்றைப்போல் பதினைந்து மடங்கு! அதற்கென்று தடித்த எஃகுப் பாத்திரம் இருக்கிறது. குக்கரில் முயன்றால் ரேகை பார்க்க வேண்டிய நிலைமை வீட்டுக்காரருக்கே வந்து விடும்.

காய்ந்தால் அணைந்து விடும்

கரிப்புள்ளியில் ஒரு பெரிய கோளாறு உண்டு. தண்ணீரில் கலந்து இருக்கும்போது ஜோராக ஒளிரும். காய வைத்துப் பொடியாக்கினால் அணைந்து போய் விடும்!

காரணம் நெரிசல்தான். துகளும் துகளும் நெருங்கி ஒட்டிக் கொண்டால், வாங்கிய வெளிச்சத்தை ஒன்றுக்கொன்று கைமாற்றி வீணடித்து விடுகின்றன. வெளியே வருவதில்லை.

ரேகை நிபுணருக்கோ தண்ணீர் ஆகாது. பொடிதான் வேண்டும். என்ன செய்வது?

இங்கேதான் சேலத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். விடை மாவு!

2014-ம் ஆண்டு சீனாவில் சாங்சுன் நகர விஞ்ஞானிகள் கரிப்புள்ளியை மாவுச்சத்துத் துகள்களின்மேல் படிய விட்டார்கள். ஒவ்வொரு மாவுத் துகளின்மேலும் கரிப்புள்ளிகள் இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்தன. நெரிசல் போயிற்று. காய்ந்த பொடியும் தண்ணீரில் ஒளிர்வதுபோலவே ஒளிர்ந்தது.

மாவுச்சத்து தானும் புற ஊதாக் கதிரை விழுங்குவதில்லை, கரிப்புள்ளி கொடுக்கிற வெளிச்சத்தையும் விழுங்குவதில்லை. நல்ல வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி. குடித்தனக்காரர் விவகாரத்தில் தலையிடாது.

அடுத்த ஆண்டே, 2015-ல், இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரிலுள்ள மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் மாவுக்குப் பதிலாக நைசான மணல் சத்தான சிலிகாத் தூளைப் பயன்படுத்தினர். அதைக் கொண்டு ரேகையையே எடுத்துக் காட்டினர். அதில் கரிப்புள்ளியின் பங்கு நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. மிச்சம் எல்லாம் தூள். அந்தத் துளி கரிக்கே ரேகை மின்னியது. அடிக்கிற லைட்டை மாற்றினால் நிறமும் மாறியது.

ஆக, இந்தப் பொடியில் விலைச் சரக்கு கொஞ்சம்தான். பாக்கி எல்லாம் மலிவான தூள் அல்லது மாவு.

மாவுக்கு இந்தச் சமவெளியில் பஞ்சமா? இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-ம் ஆண்டு வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஆரம்பித்த தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் ஏற்பட்டது. ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை பக்கம் போனால் களத்தில் வெள்ளை வெளேரென்று மாவு காய்வதைப் பார்க்கலாம்.

மாவு நைசாக இருந்தால் ஒட்டும், கட்டி தட்டினால் உதிரும் என்பது மில்லில் சலிக்கிற பெண்களுக்கே தெரியும். ரேகைப் பொடிக்கும் அதே கணக்குதான். துகள் பெரிதாக இருந்தால் ரேகையின் வாய்க்காலில் விழுந்து கோலத்தையே மூடி விடும். சிறிதாக இருந்தால் மேட்டின்மேல் மட்டும் ஒட்டும். வியர்வைத் துவாரம் வரைக்கும் தெரியும்.

போலீசாரைக் கொன்ற பொடி?

கொல்லவில்லை. ஆனால் கை நடுங்க வைத்தது.

பழைய காலத்து ரேகைப் பொடிகளில் ஒன்று பாதரசமும் சுண்ணாம்புத் தூளும் கலந்த சாம்பல் நிறப் பொடி. இங்கிலாந்துப் போலீசார் அதைத்தான் வருடிக் கொண்டிருந்தனர். தினமும் மூச்சில் பாதரசம் போயிற்று. ரேகை எடுக்கும் போலீசாருக்குப் பாதரச நஞ்சு ஏறியிருப்பதை 1949-ம் ஆண்டு "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் டாக்டர்கள் எழுதினர். அதன் பிறகுதான் கண் திறந்தது.

ஈயம் கலந்த வெள்ளைப் பொடியும் அந்தக் காலத்தில் இருந்தது.

நானோ யுகம் வந்த பிறகும் இந்த ஆபத்து விடவில்லை. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் டெக்சாஸ் விஞ்ஞானி மென்சல் குழுவினர் ரேகைக்காக ஒளிரும் நானோத் துகளைப் பயன்படுத்திக் காட்டினர். பிரமாதமாக ஒளிர்ந்தது. ஆனால் அதில் இருந்தது காட்மியம். அதுவும் நஞ்சுதான். இந்த மாதிரித் துகள்களைக் கண்டுபிடித்து வளர்த்தவர்களுக்கு 2023-ல் நோபல் பரிசே கிடைத்தது. டெலிவிஷன் திரைக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் தினமும் பிரஷ்சில் தொட்டுக் காற்றில் பறக்க விடுகிற நிபுணருக்கு அது ஆகாது.

கரிப்புள்ளியின் பெருமை இங்கேதான். காட்மியம் இல்லை, ஈயம் இல்லை, பாதரசம் இல்லை. திருடனைப் பிடிக்கப் போனவர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் "இயற்கைச் சரக்கு" என்றதும் நம்ம ஆட்கள் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ஊதிப் பார்ப்பார்கள். அதுவும் கூடாது. நைசான தூள் எதுவானாலும் நுரையீரலுக்குப் பகைதான். மாவு மில்லில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். முகமூடி கட்டித்தான் ஆக வேண்டும்.

இயற்கைச் சரக்கு என்றால் இன்னொன்றும் உண்டு. 2011-ல் பாட்டியாலாவில் உள்ள பஞ்சாபி பல்கலைக்கழகத்தார் சமையல் மஞ்சள் தூளைக் கொண்டே ரேகை எடுத்துக் காட்டினர். மஞ்சளும் ஊதா லைட்டில் ஒளிரும் சரக்குதான். மஞ்சள் மண்டிக்காரர்கள் கடை விளக்கை அணைத்துவிட்டு நோட்டு லைட்டை மூட்டைமேல் அடித்தால் கண்ணாலேயே காணலாம்.

வெள்ளைத் தாளில் தகராறு

இத்தனை இருந்தும் கரிப்பொடி எல்லா இடத்திலும் ஜெயிக்கவில்லை.

சாதாரணமாகக் கிடைக்கிற கரிப்புள்ளி நீல நிறத்தில் ஒளிர்கிறது. ஊதா லைட் அடித்தால் நம்ம வெள்ளை வேட்டியும் நீலமாக ஒளிர்கிறது! சோப்புத் தூளில் வெண்மைக்காகக் கலக்கிற சரக்குதான் காரணம். வெள்ளைத் தாளிலும் அதே சரக்கு இருக்கிறது. நீலத்தில் நீலம் விழுந்தால் என்ன தெரியும்? பழைய கறுப்புப் பொடி கதைதான் மறுபடியும்.

ஆகவே மஞ்சளிலும் சிவப்பிலும் ஒளிர்கிற கரிப்புள்ளிக்கு இப்போது போட்டா போட்டி. 2020-ல் சீனாவின் ஷாங்காய் நகரில் பூடான் பல்கலைக்கழகத்தார் சிவப்பாக ஒளிரும் பொடியை வெளியிட்டனர். அதில் தெரிந்த ரேகையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, ஒப்பிட்டு மார்க் போடவும் வைத்தனர்.

தாளில் ரேகை எடுப்பதற்கு வேறு ஒரு பழைய வழி இருக்கிறது. நின்ஹைட்ரின் என்ற மருந்து. வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறமாகும். 1954-ல் சுவீடன் விஞ்ஞானிகள் சொன்ன வித்தை, இன்றைக்கும் ஓடுகிறது. பத்திரம், செக், மொட்டைக் கடிதம் எல்லாவற்றுக்கும் அதுதான். புதுசு வந்தது என்பதற்காக ஓடுகிற குதிரையை விற்கிறவர் யார்?

பொடியால் ஆகாத காரியமும் உண்டு. தறி ஓட்டி, செங்கல் தூக்கி, சுண்ணாம்பில் வேலை செய்து ரேகை தேய்ந்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். "ரேஷன் கடை மிஷினே என் விரல எடுக்க மாட்டேங்குது" என்று அலுத்துக் கொள்கிறார்களே, அவர்கள் விரலில் மேடே மழுங்கிப் போயிருக்கிறது. இல்லாத கோலத்தை எந்தப் பொடியும் காட்டாது.

பஞ்சாங்கத்தில் பெருவிரல்

ரேகை தெரிந்து விட்டால் கேஸ் முடிந்ததா? அதுதான் இல்லை.

ரேகையை அரசாங்க வேலைக்குக் கொண்டு வந்ததே இந்தியாவில்தான். 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி வில்லியம் ஹெர்ஷல், ரோடு போடும் சாமான் சப்ளை செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத்தில் உள்ளங்கையையே பதிய வைத்து வாங்கினார். பேச்சு மாறி விடக் கூடாது என்ற பயம்தான். நம்ம "கைநாட்டு" சமாசாரம்!

1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு ஏற்பட்டது. ரேகைகளை வகை பிரித்து அடுக்குகிற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்கள். பெயர் கிடைத்ததோ மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்கு. ஆபீசில் வேலை பார்க்கிற குமாஸ்தாக்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

அடுத்த ஆண்டே ஒரு வழக்கு. ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் பழுப்புக் கறையாக ஒரு பெருவிரல் ரேகை. கல்கத்தாவில் தேடினார்கள். அதே மானேஜரிடம் முன்பு வேலை பார்த்து, திருட்டுக்காக ஜெயிலுக்குப் போன சரண் என்பவனுடைய ரேகை அது!

கோர்ட்டு என்ன சொல்லிற்று தெரியுமா? திருடியதற்குத் தண்டனை கொடுத்தது. கொலைக்குக் கொடுக்கவில்லை. பெட்டியைத் தொட்டது இவன்தான் என்று ரேகை சொல்கிறது, கொன்றது இவன்தான் என்று அது சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

நூற்று இருபத்தைந்து வருஷம் கழித்தும் நிலைமை அதுதான். பொடி எவ்வளவு ஒளிர்ந்தாலும் "யார் தொட்டது" என்பதைத்தான் காட்டும். எப்போது தொட்டது, எதற்காகத் தொட்டது என்று காட்டாது. பீரோவில் பெயின்டர் ரேகை இருக்கலாம். பால்காரர் ரேகை கேட்டில் இருக்கலாம்.

தெரிந்த ரேகையைத் தப்பாகப் படித்து விடுவதும் உண்டு. 2004-ல் ஸ்பெயின் நாட்டில் மாட்ரிட் ரெயில்களில் குண்டு வெடித்தது. ஒரு பையில் இருந்த ரேகை ஒரு அமெரிக்க வக்கீலுடையது என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அந்த மனிதர் கம்பி எண்ணினார். பிறகு ஸ்பெயின் போலீசார் அது வேறு ஆளுடையது என்று நிரூபித்தனர். எப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது.

ரேகை அரைகுறையாகத் தெரிந்தால்தான் இந்த வில்லங்கம் எல்லாம். முழுசாக, துவாரம் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தால் குற்றவாளி தப்புவதும் கஷ்டம், நிரபராதி மாட்டுவதும் கஷ்டம். கரிப்பொடிக்கு இத்தனை பேர் பாடுபடுவது இதற்காகத்தான்.

மூக்கைத் தேய்க்கும் விஞ்ஞானி

அப்படியானால் சேலம் டவுன் ஸ்டேஷனிலும் நாமக்கல் ஸ்டேஷனிலும் இது எப்போது வரும்?

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் ரேகை எடுத்துப் பார்க்கும்போது, விஞ்ஞானி தன் விரலை நெற்றியிலோ மூக்கிலோ தேய்த்துக் கொள்கிறார். எண்ணெய் நன்றாக ஏறிய விரலைச் சுத்தமான கண்ணாடியில் அழுத்துகிறார். உடனே பொடி போடுகிறார். பளிச்சென்று தெரிகிறது. போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பி விடுகிறார்.

திருடன் மூக்கைத் தேய்த்துவிட்டா பீரோவைத் தொடுகிறான்? வியர்த்த கையோ வறண்ட கையோ, அவசரத்தில் இழுக்கிறான். ரேகை வழுக்கி இழுபட்டிருக்கும். தூசி படிந்திருக்கும். இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இதனால்தான் சர்வதேச ரேகை ஆராய்ச்சிக் குழுவினர் 2014-ல் ஒரு வழிமுறை வகுத்தனர். புது முறை எதுவானாலும் நாலு கட்டம் தாண்ட வேண்டும். முதலில் சின்னச் சோதனை. பிறகு பழைய முறைகளோடு ஒப்பீடு. பிறகு பல பேருடைய ரேகை, பல நாள் பழைய ரேகை. கடைசியில் நிஜமான கேசுகள். கரிப்பொடி ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் படியிலேயே நின்று விடுகின்றன. மோப்ப நாயைக் குறை சொல்லிப் பயன் இல்லை. விஞ்ஞானியும் சிறிது தூரம் ஓடித்தான் நிற்கிறார்!

இன்னொரு தொல்லை, ஆரஞ்சும் நெல்லிக்காயும் முட்டையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. இந்த மாதம் செய்த பொடி நன்றாக ஒளிரும், அடுத்த மாதம் செய்தது மங்கும். கோர்ட்டில் வக்கீல் எழுந்து "இந்தப் பொடிக்கும் அந்தப் பொடிக்கும் வித்தியாசம் உண்டா?" என்று கேட்டால் நிபுணர் பதில் சொல்லியாக வேண்டும். சாட்சிய சட்டத்தில் நிபுணர் கருத்துக்கு இடம் உண்டு. ஆனால் குறுக்கு விசாரணைக்கும் இடம் உண்டு.

ஐந்து ஆண்டு கெடு

இதை ஆராய்ச்சிக்காரர்கள் விவகாரம் என்று விட்டு விடுவதற்கில்லை. காரணம் புதுச் சட்டம்.

2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு என்ன சொல்கிறது? ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் என்றால், தடய நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும். அதை வீடியோ எடுக்கவும் வேண்டும். வீட்டுக்குள் புகுந்து திருடினால் ஏழு ஆண்டு வரை தண்டனை. ஆக, கொலை, கொள்ளைக்கு மட்டும் அல்ல, பீரோ உடைத்த கேசுக்கும் நிபுணர் வந்தாக வேண்டும்.

இதற்கு ஏற்பாடு செய்து கொள்ள மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். கெடு 2029-ல் முடிகிறது.

எடுத்த ரேகையை ஒப்பிடுவதற்கு டில்லியில் கம்ப்யூட்டர் தயார். நாடு பூராவும் உள்ள குற்றவாளிகள் ரேகையை ஒரே இடத்தில் தேடும் "நாபிஸ்" ஏற்பாடு 2022-ல் தொடங்கி விட்டது. அரியானாவில் பிடிபட்டவன் ரேகை ஆத்தூரில் கிடைத்தாலும் காட்டிக் கொடுக்கும்.

ஆனால் கம்ப்யூட்டருக்குப் போட ரேகை வேண்டுமே! அதை எடுக்கிற நிபுணர் கையில் இருப்பது பிரஷ்சும் பொடியும். ஊதா டார்ச் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கரியைச் சமைக்கத் தெரிந்த காலேஜ்கள் இந்தச் சமவெளியிலேயே சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் இருக்கின்றன. மாவு களத்தில் காய்கிறது. முட்டை லாரியில் போகிறது. காலேஜ் ஆராய்ச்சிக்கூடமும் கைரேகைப் பிரிவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, நிஜ பீரோவில், நிஜ வெயிலில், நிஜ வியர்வையில் சோதித்துப் பார்ப்பதுதான் பாக்கி.

அது நடக்கிற வரை அந்தப் பெட்டிக்குள் கறுப்புப் பொடி ஒரு டப்பா, வெள்ளைப் பொடி ஒரு டப்பா. வீட்டு அம்மாவுக்கு, "பார்க்கலாம்மா."